வரவேற்பில் வீழும் தாய்மொழி

ஊர் காண வருபவனுக்குக் கண்கள் உண்டு, செவிகள் இல்லை. இவ்வுண்மையை உணர விரும்புவோர் பார்சலோனா நகரின் நடுவே உள்ள கிராசியா என்னும் பகுதியைப் பார்த்தால் போதும். நாடு நாடாகச் சுற்றிவரும் இளைஞர் கூட்டம் இன்று அப்பகுதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. குறுகிய தெருக்கள், இரும்புக் கம்பியழி பொருத்திய மாடங்கள், நிழல்மரங்கள் நிற்கும் சிறு முற்றங்கள், முற்றந்தோறும் மேசைகள், மேசைதோறும் குளம்பிக் குவளைகள்! கட்டடக் கலைஞர் கௌதி 1883இல் தொடங்கி 1885இல் முடித்த காசா விசென்சு என்னும் வண்ண மாளிகையும் அங்கேதான். அவரே சமைத்த குவெல் பூங்காவும் அவ்வட்டாரத்திலேதான்.

வந்தவன் பார்க்கிறான், படம் பிடிக்கிறான், குளம்பி குடிக்கிறான். ஊர் திரும்பியதும் நண்பர்களிடம் சொல்கிறான்: "எத்துணை அழகான ஊர்! எங்குச் சென்றாலும் ஆங்கிலம் பேசுகிறார்கள்! ஒரு சொல்லும் கற்காமலே ஒரு திங்கள் முழுதும் தங்கிவிட்டேன்!"

அவன் புகழ்ந்துதான் பேசுகிறான். ஆனால் மொழிப்பற்றுள்ள எவனுக்கும் அப்புகழ்ச்சி ஓர் இறப்புச் செய்தியாகவே கேட்கும். ஓர் ஊரில் ஒரு திங்கள் தங்கியும் அவ்வூரின் மொழியில் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை என்றால், அங்கே ஊர் இருக்கிறதா, ஊரின் ஓவியம் மட்டும் இருக்கிறதா?

கிராசியா நேற்று முளைத்த ஊர் அன்று. 1850 முதல் 1897 வரை அது தனக்கெனத் தனி மன்றம் கொண்டிருந்த தனியூர். 1897இல்தான் பார்சலோனா அதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆயினும் நகர் நடுவுக்குச் செல்லும்போது, "பார்சலோனாவுக்கு இறங்கிப் போய் வருகிறேன்" என்று கிராசியாவின் பழங்குடியினர் வேற்றூருக்குச் செல்வதுபோற் சொல்லும் வழக்கம் மறையவில்லை. இணைப்பு ஏட்டிலே நடந்தது, உள்ளத்திலே நடக்கவில்லை.

அவ்வூரின் நடுமுற்றத்தில் 33 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. வருவோர் எல்லாரும் அதன் அடியில் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். ஆனால் அம்மணி எதற்காக ஒலித்தது என்று கேட்போர் எத்தனை பேர்? 1870இல் மாதிரித்து அரசு ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் குடவோலை முறையிற் பிடித்துப் படைக்கு அனுப்ப முனைந்தபோது கிராசியா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பெண்கள் முன்னின்றனர். ஊரை எழுப்ப மணி ஒலித்தது. அரசுப் படை அவ்வூரின்மேல் குண்டுமாரி பொழிந்தது. அம்மணியின் பெயரையே தாங்கி அதே ஆண்டில் 'கிராசியாவின் மணி' என்னும் கிழமையிதழ் தோன்றியது; 1934 வரை நின்று பேசியது. நகைத்துக் குத்தும் அவ்விதழ் எளிய மக்களிடையே கத்தலான் மொழியைப் படிக்கும் பழக்கத்தைப் பரப்பியது. அடிபட்ட ஊர் அழுதுகொண்டு கிடக்கவில்லை. தன் மொழியில் எழுதிற்று!

அம்மொழிக்கு அடுத்து வந்த அடி மிகக் கொடியது. 1939 சனவரி 26ஆம் நாள் பிராங்கோவின் படை பார்சலோனாவுக்குள் நுழைந்தது. பள்ளியிலிருந்து கத்தலான் துரத்தப்பட்டது. அரசு அலுவலகத்திலிருந்து துரத்தப்பட்டது. தெருப்பெயர்களிலிருந்தும், பிறக்கும் குழந்தைகளுக்கு இடும் பெயர்களிலிருந்துங்கூடத் துரத்தப்பட்டது. "பேரரசின் மொழியைப் பேசு" என்பது அக்கால முழக்கம். கத்தலான் அரசின் தலைவர் இலூயிசு கொம்பானிசு 1940 அக்தோபரில் பார்சலோனாவின் மலைக்கோட்டையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொடுங்கோலன் 1975 நவம்பரில் இறக்கும்வரை, முப்பத்தாறு ஆண்டுகள் இவ்விருள் நீடித்தது.

அவ்விருளிலும் அம்மொழி எங்கே வாழ்ந்தது? அரண்மனையிலா? பல்கலைக்கழகத்திலா? இல்லை. அடுக்களையில் வாழ்ந்தது, சந்தையில் வாழ்ந்தது, கிராசியா போன்ற ஊர்களின் கடைத்தெருவில் வாழ்ந்தது. மீன் விற்றவள் கத்தலானில் விலை சொன்னாள். முடிதிருத்துவோன் கத்தலானில் வம்பளந்தான். அரசு வாயை மூடச் சொன்ன மொழியை அண்டைவீட்டார் தம்முள் பேசிக் காத்தனர். மெர்சே உரோதோரேதா என்னும் எழுத்தாளர் 1939இல் நாட்டைவிட்டு வெளியேறி ஏதிலியாய் அலைந்தவர். செனீவாவில் வாழ்ந்தபோது ஒரு புதினம் எழுதினார். அது 1962இல் வெளியாயிற்று. அதன் களம் கிராசியாவின் வைர முற்றம். அதன் தலைவி அம்முற்றத்தைச் சார்ந்த ஓர் எளிய பெண். அதன் மொழி அப்பெண்ணின் வாய்மொழியாகிய கத்தலான். உலக மொழிகள் பலவற்றில் இன்று அது பெயர்க்கப்பட்டுள்ளது. பிறமொழியில் எழுதியதால் அப்புதினம் உலகப் புகழ் பெறவில்லை. தன்மொழியில் எழுதியதாலேயே பெற்றது. இதனை ஆங்கிலத்தில் எழுதினால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று பிதற்றுவோர் உள்ளத்தில் எழுதிக்கொள்ளட்டும்!

கொடுங்கோலன் மறைந்தான். 1979இல் தன்னாட்சிச் சட்டம் வந்தது. கத்தலான் மீண்டும் ஆட்சிமொழி ஆயிற்று. 1983இல் மொழி நிலைநிறுத்தச் சட்டம் வந்தது. பள்ளிகளில் கத்தலான் பயிற்றுமொழி ஆயிற்று. 1992இல் பார்சலோனாவில் நடந்த ஒலிம்பிக்கு விளையாட்டு விழாவில் அதுவும் ஓர் ஆட்சிமொழியாய் அமர்ந்தது. 2010இல் வந்த நுகர்வோர் சட்டம், கடைக்குச் செல்பவர்க்குக் கத்தலானில் விடைபெறும் உரிமையையே வழங்கியது. ஒரு மொழிக்கு வேறென்ன வேண்டும்? பள்ளி கிடைத்தது, சட்டம் கிடைத்தது, ஆட்சி கிடைத்தது!

இனி அரசே எடுத்த கணக்கைப் பாருங்கள். கத்தலோனியாவில் வழக்கமாகக் கத்தலான் பேசுவோர் 2003இல் 46 விழுக்காடு, 2018இல் 36.1 விழுக்காடு, 2023இல் 32.6 விழுக்காடு. படைக்கலம் தாங்கிய பிராங்கோவால் முடியாதது இருபதே ஆண்டுகளில் எப்படி நடக்கிறது?

வெளியிலிருந்து வந்து குடியேறியோர் பெருகினர் என்பது ஒரு கரணியம், அது மெய்யே. ஆனால் அது முழு மெய் அன்று. அதே 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்குக் கத்தலான் பேசத் தெரியும். பத்தில் ஒன்பது பேர்க்கு மேல் அதனைக் கேட்டு உணர்வர். தெரிந்தவர் எண்பது, வழக்கமாகப் பேசுபவர் முப்பத்திரண்டு! அறியாமையால் அம்மொழி நலியவில்லை. அறிந்தும் வாயில் வாராமையால் நலிகிறது. வாயில் வாராமைக்கு வழிசெய்வது எது என்பதைக் காணக் கிராசியாவின் கடைத்தெருவுக்குத்தான் மீண்டும் வர வேண்டும்.

முதற் படி குடிக்கூலி. பழைய கடைகளுக்கு நெடுங்காலம் உயராத குடிக்கூலிப் பாதுகாப்பு இருந்தது. 1994இல் வந்த சட்டம் அப்பாதுகாப்புக்கு இருபதாண்டுக் கெடு வைத்தது. 2014 திசம்பர் 31ஆம் நாள் கெடு முடிந்தது. பார்சலோனா முழுதும் தலைமுறை தலைமுறையாய் இருந்த கடைகள் கதவை அடைத்தன. நூல் விற்றவன், விளக்கு விற்றவன், விதை விற்றவன் எல்லாரும் வெளியேறினர். அவ்விடங்களில் யார் வந்தமர்வர்? புதிய குடிக்கூலியைக் கொடுக்க வல்லவர் மட்டுமே வந்தமர்வர். வீட்டிலும் அதே நிலைதான். நகரில் 2023இல் நிரவலான திங்கட் குடிக்கூலி ஆயிரம் யூரோவுக்கு மேல். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வழி வேலை செய்துகொண்டு வெளிநாட்டுச் சம்பளம் வாங்குபவனுக்கு இது சிறு தொகை. மணிக்கூண்டின் அடியிலே பிறந்து, அங்கேயே கடையில் வேலை செய்பவளுக்கு இது மலை. அவள் வெளியேறுகிறாள். அவளோடு அவள் மொழியும் மூட்டை கட்டுகிறது.

இரண்டாம் படி கடை. புதுக்கடையின் வாடிக்கையாளன் புதியவன். ஆதலால் விலைப்பட்டியும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. பரிமாற வருபவரும் நேற்று வந்தவர்; அவருக்கும் ஊர்மொழி தெரியாது; தெரிந்துகொள் என்று முதலாளி கேட்பதும் இல்லை. எழுபது அகவை மூதாட்டி தன் தெருவிலே, தான் பிறந்த வீட்டுக்கு எதிரிலே, ஒரு குவளைப் பாலை ஆங்கிலத்தில் கேட்க வேண்டிய நிலை வருகிறது! எந்தப் பேரரசு இவ்வாறு ஆணையிட்டது? எந்தப் படை வந்தது? எவரும் ஆணையிடவில்லை, எந்தப் படையும் வரவில்லை. ஒரு விலைப்பட்டி போதுமானதாயிற்று.

மூன்றாம் படிதான் எல்லாவற்றிலும் கொடியது. அது கத்தலான் மகனின் பெருந்தன்மை. எதிரில் நிற்பவன் வேற்றாள் என்று தோன்றியவுடனே, அவன் கேட்கும் முன்னரே, கத்தலான் மகன் தன் மொழியை விட்டுவிட்டு இசுபானியத்துக்கோ ஆங்கிலத்துக்கோ தாவிவிடுகிறான். இதனை அவன் பண்பு என்று கருதுகிறான். ஒருவன் தாவினால் அது விருந்தோம்பல். ஓர் ஊரே ஒவ்வொரு நாளும் தாவினால் அது மொழிக்கொலை. வந்தவன் எப்படிக் கற்பான்? கற்க விரும்பினாலும் கற்கும் வாய்ப்பை வீட்டுக்காரனே பறித்துவிட்டானே! "உங்களால் இம்மொழியைக் கற்க இயலாது, நீங்கள் என்றும் வெளியாள்தான்" என்னும் இகழ்ச்சி அந்தப் பெருந்தன்மைக்குள் ஒளிந்து நிற்பதை அவன் உணர்ந்தானில்லை.

இங்கே ஒரு கூட்டம் எழுந்து நின்று கூவும்: "மொழி மொழி என்பது வந்தாரை வெறுக்கும் குறுகிய நோக்கு! உலகம் ஒன்றாகும் காலத்தில் சுவர் எழுப்புகிறீர்களே!"

இதற்கு விடையும் கிராசியாவிலேயே இருக்கிறது. இரசுபால் முற்றத்தைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் மக்கள் சித்தானர் என்னும் நாடோடி இனத்தார். அவர்கள் தோற்றத்தால் வேறு, வழக்கத்தால் வேறு, வழிவழியாக ஒதுக்கப்பட்டவர்கள். ஆயினும் கிராசியாவின் சித்தானர் கத்தலானைத் தம் தாய்மொழியாகப் பேசுகின்றனர். கத்தலான் உரும்பா என்னும் இசைவகை அவர்கள் வாழும் தெருக்களிலே பிறந்தது. கிராசியா அதன் பிறப்பிடங்களுள் ஒன்று. மொழிக்குக் குருதி தேவையில்லை, உறவு போதும். ஊரோடு உறவு கொண்டவர் ஊர்மொழியைப் பெற்றனர். பெற்றதோடு நில்லாமல் அதற்குப் புதுப்பாட்டும் தந்தனர். வந்தாரை வெறுப்பவர் யார், வரவேற்பவர் யார் என்பதை இப்போது எண்ணிப் பாருங்கள். தன் மொழியில் பங்கு கொடுப்பவனே மெய்யாக வரவேற்கிறான். குளம்பியை மட்டும் விற்றுவிட்டு மொழியை மறைத்து வைப்பவன் வந்தவனைப் பணப்பையாகக் காண்கிறானே ஒழிய மாந்தனாகக் காணவில்லை.

உலகம் ஒன்றாகிறது என்கிறார்களே, அவ்வொருமை எப்படிப்பட்டது? இலண்டன், பெர்லின், பார்சலோனா ஆகிய எந்நகரின் புதுமைத் தெருவுக்குச் சென்றாலும் அதே செங்கற்சுவர், அதே தொங்கு விளக்கு, அதே ஆங்கில விலைப்பட்டி, அதே குளம்பி! ஆயிரம் ஊர்கள் கைகோத்தால் அது ஒருமை; ஆயிரம் ஊர்கள் அழிந்து ஒரே கடை ஆயிரம் இடத்தில் நின்றால் அது ஒருமை அன்று, வெறுமை. வேறுபாட்டைத் தேடி ஆயிரங்கல் தொலைவு வந்தவனே வேறுபாட்டைத் தின்று தீர்க்கிறான் என்பது எத்துணை இரங்கத்தக்க நகைச்சுவை!

கிராசியா மக்கள் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஆகத்துத் திங்களில் அவ்வூர்ப் பெருவிழா நடக்கிறது. 2017இல் அதற்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. தெருவார் ஒன்றுகூடிப் பல திங்கள் உழைத்து, கழிவுத் தாளையும் குப்பியையும் கொண்டே தத்தம் தெருவை மாளிகையாக ஒப்பனை செய்கின்றனர். ஒப்பனைத் திட்டத்தைப் பற்றி வழக்காடுவதும், ஏணியின்மேல் நின்று கயிறு கேட்பதும், உணவைப் பகிர்வதும் அத்தெருவாரின் மொழியில் நடக்கின்றன. 1855இல் தொடங்கிய இலூயிசோசு மன்றமும், 1904இல் தொடங்கிய பாடற்குழுவும், மாந்தர் தோள்மேல் மாந்தர் ஏறிக் கோபுரம் எழுப்பும் குழுவும் இன்றும் இயங்குகின்றன. அம்மாந்தக் கோபுரக் கலையை ஒன்றிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு 2010இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அக்கோபுரத்தின் அடியில் நின்று தாங்குவோர் கூட்டத்தில் வெளிநாட்டானும் தோள் கொடுக்கலாம். தலைவன் இடும் கட்டளை மட்டும் கத்தலானில் வரும். தோள் கொடுத்தவன் சொல்லையும் கற்றுக்கொள்கிறான். இதுவன்றோ வரவேற்பு!

2003 முதல் ஒரு நல்ல திட்டமும் நாடு முழுதும் நடக்கிறது. மொழி தெரிந்த ஒருவரும் மொழி கற்கும் ஒருவரும் இணையாகச் சேர்ந்து பத்து மணிநேரம் உரையாட வேண்டும். ஒரே உறுதி, இடையில் வேறு மொழிக்குத் தாவக் கூடாது என்பதே! எளிய திட்டம், ஆனால் நோயின் வேரையே தொடுகிறது.

ஆட்சியும் மெல்ல விழிக்கிறது. பயணிகளுக்குக் குடிக்கூலிக்கு விடும் வீடுகளின் உரிமங்கள் 10,101ஐயும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாகப் பார்சலோனா நகர்த்தலைவர் 2024 சூனில் அறிவித்தார். அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. குவெல் பூங்காவுக்கு அருகில் செல்லும் 116ஆம் எண் சிறு பேருந்தில் பயணிகள் நெருக்கி ஏறியதால், மேட்டுத் தெருவில் வாழும் முதியோர்க்கு இடமில்லாது போயிற்று. நகர மன்றம் கேட்டுக்கொண்டபடி அப்பேருந்துத் தடம் கூகுள் வரைபடத்திலிருந்தே நீக்கப்பட்டது! தம் ஊர்ப் பேருந்தில் தாம் ஏறுவதற்கு, அப்பேருந்தை உலகின் கண்ணிலிருந்து ஒளித்து வைக்க வேண்டிய நிலை! பேருந்தை ஒளித்து வைக்கலாம். மொழியை ஒளித்து வைக்க இயலுமா? ஒளித்து வைத்த மொழி ஒழிந்த மொழியே. அது தெருவில் நின்றால்தான் வாழும்.

இச்செய்தியைப் படிக்கும் தமிழன், "எங்கோ உள்ள ஊர்க்கதை" என்று தாளைப் புரட்ட வேண்டா. கத்தலான் பேசுவோர் உலகில் ஏறத்தாழ ஒரு கோடி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6.9 கோடி. தொகையைக் கண்டு இறுமாப்பதில் பொருளில்லை. தொகை மொழியைக் காக்காது, வழக்கே காக்கும். பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக நிற்க வேண்டும் என்னும் அரசு விதி தமிழ்நாட்டில் உண்டு. அவ்விதிக்கு வணிகர் கண்டுபிடித்த தப்புவழி என்ன? 'சில்க்சு' என்றும் 'சுவீட்சு' என்றும் ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் எழுதிவிட்டுத் தமிழ்ப்பலகை என்கின்றனர்! கத்தலானுக்குக் கிராசியாவில் உண்ணக் கேட்கும் உரிமை பறிபோகிறது என்றால், தமிழுக்கு எழுத்து மட்டும் எஞ்சிச் சொல்லே பறிபோகிறது. அங்கே வந்தவனுக்காக மொழியை விடுகின்றனர். இங்கே எவனும் வாராமலே, தமிழனும் தமிழனும் எதிரெதிர் நின்று ஆங்கிலத்தில் விலை பேசுகின்றனர். இவ்விரண்டில் எது பெரிய இழிவு?

சட்டம் வேண்டும், அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால் கத்தலான் கணக்கு கற்பிப்பது சட்டத்துக்கு அப்பால் உள்ள உண்மையை. பள்ளியும் ஆட்சியும் வாய்த்த பின்னரும், கடையில் வாய் திறக்க நாணுகிற இனத்தின் மொழி தேயும். பள்ளியும் ஆட்சியும் பறிபோன பின்னரும், கடையில் வாய் திறக்க அஞ்சாத இனத்தின் மொழி பிழைக்கும். முப்பத்தாறு ஆண்டுக் கொடுங்கோன்மையை வென்றது அம்மக்களின் அடுக்களைப் பேச்சு. இருபதாண்டுச் செல்வச் செழிப்பிடம் தோற்பது அவர்தம் கடைத்தெருப் பேச்சு.

ஆகவே தமிழுணர்வாளர் செய்ய வேண்டியது பெரிய வினை அன்று. நாள்தோறும் செய்யும் சிறு வினை. கடையில் தமிழில் கேளுங்கள். விளங்கவில்லை என்றால் மீண்டும் தமிழில், மெல்லச் சிரித்த முகத்தோடு கேளுங்கள். விலைப்பட்டியில் தமிழ் இல்லையேல் ஏன் இல்லை என்று உரிமையாளரிடம் வினவுங்கள். வடக்கிலிருந்து பிழைக்க வந்து மேசை துடைக்கும் இளைஞனை இகழாதீர்கள். அவனோடு தமிழ் பேசுங்கள். 'தண்ணீர்', 'சோறு', 'நன்றி' என்று ஒவ்வொரு சொல்லாக அவன் நாவில் ஏற்றுங்கள். அவன் கற்பான், கற்க வாய்ப்பளிக்காமல் அரைகுறை ஆங்கிலத்துக்குத் தாவும் தமிழனே அவனைத் தமிழிலிருந்து விலக்கி வைக்கிறான். வந்தவன் நாவில் தமிழ் ஏறாத ஒவ்வொரு நாளும் இருந்தவன் நாவிலிருந்து தமிழ் இறங்கும் நாளே!